தொட்டியில் போட்ட பிறகு

மதியச் சாப்பாட்டில் மிஞ்சிய சோறு எந்தக் கட்டத்தில் வரும்? கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி மாணவியும் ஜப்பானில் ஒரு மாணவியும் திரையில் ஒரே அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கள் கல்லூரிக் குப்பையைக் கணக்கெடுக்க உட்கார்ந்தால், முதல் தகராறு இங்கேதான் தொடங்கும். நம் பெண் அதை ‘ஈரக் குப்பை’யில் எழுதுவாள். அந்தப் பெண் ‘எரியும் குப்பை’யில் எழுதுவாள். சோறு எப்படி எரியும் என்று இவள் கேட்பாள். ஈரமாக இருப்பதெல்லாம் ஒரு வகையா என்று அவள் கேட்பாள். இருவர் சொல்வதும் சரிதான்.

மெய்நிகர் மாணவர் பரிமாற்றம் என்று அறிக்கைகளில் எழுதுகிறார்கள். கல்லூரியில் ஆன்லைன் எக்ஸ்சேஞ்ச் என்றால்தான் புரியும். விசா வாங்காமல், விமானம் ஏறாமல், இரண்டு நாட்டு மாணவர்கள் சில வாரங்கள் ஒரே வேலையைச் சேர்ந்து செய்வது. இதற்கு ஒரு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜான் ரூபின். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் கற்பித்தவர். அவர் முன்னின்று 2006-ல் அங்கே இதற்கென்றே ஒரு மையம் தொடங்கப்பட்டது. ‘காயில்’ (COIL) என்று அந்த முறையைச் சுருக்கமாகச் சொல்வார்கள். கொசுவத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2020-ல் கொரோனா எல்லோரையும் வீட்டில் உட்கார வைத்தபோது, அதுவரை சில ஆசிரியர்களின் தனி ஆர்வமாக இருந்தது பல கல்லூரிகளுக்கு ஒரே வழியாகிவிட்டது. நம் ஊர்க் கல்லூரிகளுக்கு இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. வெளிநாடு போய்ப் படிக்க வசதி உள்ளவர்கள் வகுப்பில் ஓரிருவர்தான். இதில் பல்லடத்துப் பையனும் கோபிப் பெண்ணும் காங்கேயத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களும் சேர்ந்தே போகலாம்.

குப்பையைத் தலைப்பாக எடுத்தால் ஆய்வகம் வேண்டாம். சரக்குக்குத் தட்டுப்பாடே கிடையாது. கையுறை, பழைய தார்ப்பாய், ஒரு தொங்கு தராசு இருந்தால் போதும். ஒரு நாள் சேர்ந்ததைத் தார்ப்பாயில் கொட்டி, வகை பிரித்து, எடை போட்டு எழுதுவதற்குக் குப்பைத் தணிக்கை என்று பெயர். நம் கல்லூரி மட்டும் தனியாகச் செய்தால் அது ஒரு எண்ணிக்கை வேலை, அவ்வளவுதான். இரண்டு நாடுகள் ஒரே தாளை வைத்துச் செய்யும்போதுதான், வகை என்பதே ஊருக்கு ஊர் மாறும் சமாச்சாரம் என்று தெரிகிறது.

ஜப்பானில் நகரக் குப்பையின் பெரும்பகுதி எரியுலைக்குப் போகிறது. மலை போக மிச்சமிருக்கும் சமநிலம் அங்கே கொஞ்சம். கொட்டி வைக்க இடமில்லை. ஆகவே உலை எதை ஏற்கும், எதை ஏற்காது என்பதுதான் அங்கே முதல் கேள்வி. பெரும்பாலான ஊர்களில் சமையல் கழிவும் எரியும் குப்பையோடுதான் போகும். தண்ணீரை நன்றாக வடித்துவிட்டுப் போடுங்கள் என்று வீடுகளுக்குச் சொல்வார்கள், ஏனென்றால் ஈரம் உலையின் சூட்டைத் தின்றுவிடும். நம் ஊர்க் குப்பையில் சுமார் பாதி சோறு, இலை, காய்கறித் தோல். எரித்தால் புகையத்தான் செய்யும், மக்க வைத்தால் எருவாகும். அதனால் இங்கே ஈரமா, காய்ந்ததா என்பது முதல் கேள்வி. 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும் ஈரக் கழிவு, உலர் கழிவு, வீட்டு அபாயக் கழிவு என்றுதான் பிரித்தன.

ஜெர்மனிக்காரர்கள் சேர்ந்தால் குழப்பம் இன்னும் ருசியாகிவிடும். அங்கே மஞ்சள் தொட்டியில் தயிர் வந்த டப்பாவைப் போடலாம். அதே பிளாஸ்டிக்கில் செய்த உடைந்த வாளியைப் பல ஊர்களில் போடக் கூடாது. காரணம், அந்தத் தொட்டி பிளாஸ்டிக்குக்காக வைத்ததல்ல, பொருளைச் சுற்றி வந்த உறைக்காக வைத்தது. உறையைத் திரும்ப எடுத்துச் சுத்திகரிக்கும் செலவை அதை விற்பனைக்கு விட்டவர்கள் ஏற்க வேண்டும் என்று 1991-ல் விதி வந்தது. வாளிக்கு அப்படி யாரும் பணம் கட்டவில்லை. தொட்டியின் நிறத்துக்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது.

சரி, நம் கல்லூரித் தொட்டிகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பச்சையும் நீலமுமாக ஜோடி ஜோடியாக நிற்கின்றன. சாயங்காலம் இரண்டையும் ஒரே டிராக்டரில் கவிழ்ப்பதை ஒரு மாணவன் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். அதற்கப்புறம் எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் அவன் பிரித்துப் போட மாட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பிரித்தது பிரிந்தபடியே போகாது என்று தெரிந்த பிறகும் பிரித்துப் போட்டால் அது வெறும் சடங்கு.

இப்படி ஒரு பரிமாற்றத்தை ஓரமாக உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். முதல் இரண்டு சந்திப்பு முடிந்ததும் நம் பிள்ளைகள் வந்து நிற்கிற இடம் எனக்கு மனப்பாடம்: ‘அவங்க ஒழுக்கமானவங்க சார், நம்ம ஆளுங்க திருந்த மாட்டாங்க.’ கூகிளில் தேடியதும் கமிகட்சு வந்து விழும். ஜப்பானின் தொகுஷிமா மாகாணத்தில் ஒரு மலையூர். 2003-ல் குப்பையே இல்லாத ஊராவோம் என்று அறிவித்து, நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். அந்த எண்ணைக் கேட்டதும் நம் ஆட்கள் தலைகுனிந்து விடுகிறார்கள். ஆனால் அது ஓர் ஊராட்சி அளவுக்கு இருக்கும் சிற்றூர். அங்கே பெரும்பாலான வீடுகளுக்குக் குப்பை வண்டியே வருவதில்லை, மக்களே சேகரிப்பு மையத்துக்கு எடுத்துப் போகிறார்கள். அதைக் காட்டி ஜப்பான் முழுவதும் அப்படித்தான் என்பது, ஊட்டியைக் காட்டித் தமிழ்நாடே குளிர்ப் பிரதேசம் என்பதுபோல.

ஒழுக்கம் ரத்தத்தில் ஊறியது என்பவர்களுக்குத் தோக்கியோவின் குப்பைப் போரைச் சொல்ல வேண்டும். 1960-களில் அந்த நகரத்தின் குப்பையைக் கோட்டோ வட்டத்தில் கடலோரத்தைத் தூர்த்துக் கொட்டினார்கள். அந்த இடத்தின் பெயர் யுமெனோஷிமா, அதாவது கனவுத் தீவு. பெயரைப் பாருங்கள்! 1965-ல் அங்கிருந்து கிளம்பிய ஈக்கள் பக்கத்துக் குடியிருப்புகளை மொய்த்தன. ஊரெல்லாம் போடும் குப்பை எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டுமா என்று கோட்டோ மக்கள் கேட்டார்கள். இன்னொரு பக்கம், சுகினாமி வட்டத்தில் எரியுலை கட்டப் போனால் அங்குள்ளவர்கள் எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்றார்கள். 1971-ல் ஆளுநர் மினோபே ரியோகிச்சி ‘குப்பைப் போர்’ என்றே அறிவித்தார். சுகினாமியிலிருந்து வந்த குப்பை வண்டிகளைக் கோட்டோ மக்கள் நடுவழியில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அவரவர் குப்பையை அவரவர் வட்டத்திலேயே பார்த்துக்கொள்வது என்ற கொள்கை அந்தச் சண்டையில் பிறந்தது.

வெள்ளலூர்க்காரர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. கோவை மாநகரத்துக் குப்பை பல வருடங்களாக அங்கே போய்ச் சேருகிறது. நாற்றம், ஈ, கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீர் என்று புகார் சொல்லிச் சொல்லி, பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனார்கள். 2024 ஏப்ரலில் அந்தக் கிடங்கு பற்றிக்கொண்டபோது அணைக்கப் பல நாள் ஆனது. கோட்டோவும் வெள்ளலூரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன. அங்கே பதில் ஐம்பது வருடத்துக்கு முன்னால் கிடைத்தது, இங்கே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதைக் கேட்ட ஜப்பானிய மாணவர்களில் சிலருக்கே அந்தப் போர் பற்றித் தெரிந்திருக்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் வெள்ளலூரைப் பார்த்திருக்கிறார்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்டபோது வியப்பு குறைந்துவிட்டது.

பாட்டில் கதையும் அப்படியே. ஜெர்மனியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 2003 முதல் முன்பணம் உண்டு. இப்போது 25 சென்ட். காலி பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் காசு திரும்பி வரும். வளாகத்தில் காலி பாட்டில் கிடந்தால் அது குப்பையல்ல, யாரோ கீழே விட்ட சில்லறை. ‘நம்ம ஊர்ல நடக்குமாங்க?’ என்று கேட்பவர்களை நான் மேட்டுப்பாளையத்துக்கு மேலே பார்க்கச் சொல்வேன். நீலகிரியில் உடைந்த மதுபாட்டில்கள் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. பாட்டில்கள் கடைக்குத் திரும்பி வரத் தொடங்கின. பிற்பாடு கோவை உட்பட வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. ஜெர்மானியர் என்ன, நீலகிரிக் குடிமகன் என்ன, பத்து ரூபாய் என்றால் குனிந்து எடுக்கத்தான் செய்கிறான். (குடிமகன் என்ற சொல்லை இரண்டு அர்த்தத்திலும் எடுத்துக்கொள்ளலாம்.)

கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு இதை வெளியே தேடிப் போகவே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. வேஸ்ட் என்ற சொல்லுக்கு விலை வைத்து வியாபாரம் செய்யும் சீமை இது. திருப்பூரில் பனியன் வெட்டியது போக மிச்சம் விழும் கட்டிங் வேஸ்ட்டை நிறம் பிரித்து வாங்க ஆள் உண்டு. ஒரு பகுதி மெஷின் துடைக்கும் துணியாகப் போகும். இன்னொரு பகுதி மறுபடி பஞ்சாகக் கிழிபட்டு, கழிவுப் பஞ்சை நூற்கும் ஓ.இ. மில்லில் நூலாகும். அந்த நூல் மெத்தை விரிப்பாக, லுங்கியாக, மிதியடியாக மறுபிறவி எடுக்கும். வெள்ளைத் துண்டும் கறுப்புத் துண்டும் கலந்துவிட்டால் விலை விழும். அதனால் வெட்டும் மேசையிலேயே பிரித்துவிடுவார்கள், யாரும் அவர்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு எடுத்ததில்லை. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கு அரைத்தபின் மிஞ்சும் திப்பி மாட்டுத் தீவனமாகிறது. நாமக்கல்லின் கோழி எரு லாரி லாரியாகத் தோட்டங்களுக்குப் போகிறது. பொள்ளாச்சியில் கயிற்று ஆலைகளுக்குப் பக்கத்தில் மலைபோலக் குவிந்து, மழை பெய்தால் பழுப்புத் தண்ணீர் விட்டுக் கிணற்றைக் கெடுத்துக்கொண்டிருந்த தென்னை நார்க்கழிவு, இப்போது கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. நம்மோடு திரையில் பேசும் வெளிநாட்டு மாணவர் வீட்டு ஜன்னலோரத் தொட்டிச் செடி பொள்ளாச்சி மண்ணில்லா மண்ணில் நின்றாலும் ஆச்சரியமில்லை. கரூர்ப் புகழூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. பிள்ளைகள் குப்பைக் கணக்கை எழுதும் நோட்டே அந்தச் சக்கையாக இருக்கலாம்.

இதைச் சொன்னதும் நம் ஆட்களுக்கு நெஞ்சு நிமிரும். கொஞ்சம் பொறுக்கணும். விலை இல்லாத கழிவை இதே சீமை என்ன செய்தது என்பதற்கு நொய்யல் சாட்சி. சாயத் தண்ணீருக்கு வாங்க ஆளில்லை, ஆற்றில் விட்டோம். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையானது. உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான், சொட்டுத் தண்ணீர்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு கட்டாயம் என்பது நிஜமாயிற்று. துணித்துண்டைப் பத்திரமாகப் பிரித்த அதே கை, அதே ஊர், அதே ஆள்தான் சாயத்தை ஆற்றில் விட்டதும். ஆள் மாறவில்லை, விலையும் சட்டமும்தான் வேறாக இருந்தன.

இந்தக் கண்ணோடு கல்லூரித் தார்ப்பாயைப் பார்த்தால் குப்பை தானாகவே இரண்டாகப் பிரியும்: பழைய இரும்புக் கடைக்காரர் வாங்குவது, வாங்காதது. அட்டை, பாட்டில், தாள், டின் எல்லாம் ஏற்கெனவே யாரோ எடுத்துவிடுவார்கள். கிடப்பது எதுவென்றால் சிப்ஸ் பாக்கெட், பேப்பர் கப், நாப்கின், மிச்சச் சோறு. சிப்ஸ் பாக்கெட்டில் அலுமினியப் பூச்சும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கிடக்கும். பிரிக்க முடியாது, அதனால் விலை கிடையாது. நாப்கின் பற்றி இரு நாட்டு மாணவிகளும் தனி அறையில் மட்டும்தான் மனம்விட்டுப் பேசினார்கள். மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்து உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய அருணாச்சலம் முருகானந்தம் கோயம்புத்தூர்க்காரர். அதே கோயம்புத்தூரில் விடுதிப் பெண்கள் பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றி எங்கே போடுவது என்று தெரியாமல் நிற்கும் நிலை இன்னும் இருக்கிறது.

சோறுதான் பெரிய கனம். ஆயிரம் பேர் சாப்பிடும் விடுதியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு கிராம் மிச்சம் வைத்தால் 100 கிலோ. தினமும் 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் இடத்தை 2016 விதிகள் ‘பெருமளவு கழிவு உருவாக்குபவர்’ கணக்கில் வைத்தன, ஈரக் கழிவை முடிந்தவரை தன் வளாகத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றன. அதாவது ஒரு கைப்பிடிச் சோறு ஒரு கல்லூரியைச் சட்டத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்திலேயே இருக்கும் வீட்டில், வளர்ந்தவர்கள். வீட்டில் கழுநீர்த் தொட்டி இருக்கிறது. மிச்சம் மீதி எருமைக்குப் போகும், சாணமும் கூளமும் குப்பைக்குழிக்குப் போகும், சித்திரையில் குழியை வெட்டி வண்டியில் எடுத்துக் காட்டில் இறைப்பார்கள். என் அப்பத்தா குப்பை என்று சொன்னாலே எருவைத்தான் சொல்வார், ‘குப்பை அடிக்கோணும்’ என்றால் வயலுக்கு உரம் போட வேண்டும் என்று பொருள். அந்த வீட்டுப் பிள்ளை விடுதிக்கு வந்ததும் தட்டை அப்படியே கவிழ்த்துவிட்டுப் போகிறான். அவனுக்குத் தெரியாமல் இல்லை. வீட்டில் எருமை எங்கே கட்டியிருக்கிறது என்று தெரியும், விடுதியில் சோறு எங்கே போகிறது என்று தெரியாது.

பேப்பர் கப்புக்கு வருவோம். கொங்கு நாட்டில் எந்தக் கல்லூரி வாசலிலும் ஒரு பேக்கரி இருக்கும். ஒரு டீ, ஒரு பப்ஸ், அரை மணி நேரம். கண்ணாடி டம்ளரில் டீ குடித்து, கழுவி, அடுத்தவருக்குக் கொடுப்பதுதான் அங்கே வழக்கம். ஜெர்மனியில் 2023 முதல் பார்சல் வாங்குகிறவர்களுக்கு உணவகங்கள் மறுபடி பயன்படும் பாத்திரத்தையும் ஒரு தேர்வாக வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, அதைப் பெரிய புதுமையாக அந்நாட்டு மாணவர்கள் விவரித்தார்கள். நம் பையன் ஒருவன் ‘இது எங்க பேக்கரிதானுங்க’ என்றான். உண்மைதான். ஆனால் அந்த பேக்கரியிலும் இப்போது பாதி டீ பேப்பர் கப்பில்தான் போகிறது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 வகைகளில் ஒன்று என்பது வேறு விஷயம்.

கப் ஏன் வந்தது என்று கேட்கும்போது விஷயம் ஆழமாகிறது. எச்சில் என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியிலோ ஜெர்மன் மொழியிலோ ஈடு தேடினால் அகப்படாது. உமிழ்நீர் என்றுதான் வரும். பிறர் வாய் பட்ட டம்ளர், பிறர் உண்ட இலை, அதைத் தொடுகிற கை என்று நமக்குள் ஓடும் அருவருப்பு கிருமி பயம் மட்டுமல்ல. டீக்கடைகளில் சாதி பார்த்து வேறு வேறு டம்ளர் தரும் இரட்டைக் குவளைப் பழக்கம் இந்தச் சீமையில் இருந்தது. அங்கங்கே மிச்சமிருக்கிறது என்ற புகார் இன்றைக்கும் எழுகிறது. எல்லோருக்கும் காகிதக் கப் என்று ஆனதும் அந்தச் சங்கடம் பார்வையிலிருந்து மறைந்தது. சூழல் நோக்கில் டம்ளருக்குத் திரும்புவோம் என்று போஸ்டர் எழுதுவது எளிது. எந்த டம்ளர், யார் கழுவுவது, எல்லோருக்கும் ஒரே டம்ளரா என்ற மூன்று கேள்வியும் கூடவே வந்துவிடும்.

ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகளே வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் துடைப்பார்கள். பரிமாற்றத்தில் அவர்கள் மிகவும் பெருமையோடு காட்டுவது இந்தக் காட்சியைத்தான். பார்த்ததும் நம் ஆசிரியர்களுக்கு உடனே நம் பள்ளிகளிலும் கொண்டுவர வேண்டும் என்று தோன்றும். அங்கே எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துச் செய்கிறார்கள் என்பதுதான் அதன் உயிர். இங்கே 2022-ல், ஈரோடு மாவட்டத்தில், அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பட்டியலினப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்ததாகப் புகார் எழுந்து தலைமையாசிரியை கைதானார். துடைப்பம் இரண்டு ஊரிலும் துடைப்பம்தான், ஆனால் அதை எந்தக் கையில் கொடுக்கிறோம் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகத் தீர்மானிக்கப்பட்ட ஒன்று. கொங்கு நகரங்களில் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் எந்தச் சமூகத்தவர் என்று கேட்டால் எல்லோருக்கும் பதில் தெரியும், யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டோம். நம் மாணவன் தொட்டிக்கு இரண்டடி தள்ளி நின்று வீசுகிறானே, குறி தப்பினால் எடுத்துப் போடாமல் போகிறானே, அந்த இரண்டடி தூரத்தில் இதெல்லாம் இருக்கிறது. இதைப் பேசாமல் நடத்தும் பண்பாட்டுப் பரிமாற்றம் உணவு, உடை, பண்டிகை என்று மூன்று ஸ்லைடில் முடிந்துவிடும்.

நடைமுறைச் சங்கடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால், சமாளிக்கலாம். ஜெர்மனி குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். மதியத்துக்குமேல் வைத்தால் ஆயிற்று. மெக்சிகோ நகரமென்றால் பதினொன்றரை மணி நேர வித்தியாசம், யாராவது தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் போனைக் கொடுத்துச் சமையல்கூடத்துப் பின்கட்டைப் படம்பிடித்து வா என்றால், ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குகிறவர்களைவிட நல்ல சரக்கு அவர்களிடமிருந்துதான் வரும். இன்னொன்று: ஜப்பானியர்களும் கொங்குக்காரர்களும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லமாட்டார்கள். ‘பார்க்கலாமுங்க’ என்றால் நடக்காது என்று நமக்குத் தெரியும், அவர்களிடமும் அப்படி இழுத்துச் சொல்லும் வழிகள் உண்டு. இரண்டு மரியாதைக்காரக் கூட்டமும் ஒருவருக்கொருவர் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே மூன்று வாரம் ஓட்டிவிட்டது.

பழக்கம் எப்படி மாறுகிறது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உதவுகிறது. 1990-ல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்தினியும் சக ஆய்வாளர்களும் கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடியில் துண்டுச்சீட்டைச் செருகி வைத்து, வண்டிக்காரர்கள் அதைக் கீழே போடுகிறார்களா என்று பார்த்தார்கள். ஏற்கெனவே குப்பையாக இருந்த இடத்தில், இன்னொருவர் கீழே போடுவதைப் பார்த்தவர்கள் கூடுதலாகப் போட்டார்கள். சுத்தமான இடத்தில் ஒருவர் போடுவதைப் பார்த்தவர்களோ, பார்க்காதவர்களைவிடக் குறைவாகப் போட்டார்கள். அந்த ஒற்றைக் காகிதம் சுத்தத்தை இன்னும் எடுத்துக்காட்டிவிட்டது. ‘எல்லோரும் குப்பை போடுகிறார்கள், நீயாவது போடாதே’ என்ற ரகத்து போஸ்டர் தன் காலிலேயே கோடாரியைப் போட்டுக்கொள்கிறது, எல்லோரும் போடுகிறார்கள் என்பதைத்தான் அது முதலில் சொல்லித் தருகிறது. உறுதிமொழி எடுத்தல், குப்பை பற்றிய கோலப்போட்டி, பேனர் பிடித்துப் போட்டோ, அந்த பேனரே மறுநாள் குப்பை. இவை நடக்கட்டும், ஆண்டறிக்கைக்கு வேண்டும். கல்லூரியில் மாறியவை என்று நான் கண்டவை சின்ன விஷயங்கள்: சோற்றுக் கரண்டியைச் சிறிதாக்கி ‘மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றது, தனியாகக் கிடந்த தொட்டிகளை எடுத்துவிட்டு ஈரம், உலர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது, டிராக்டரில் நடுவே ஒரு பலகை அடித்து இரண்டாகத் தடுத்தது. இந்தப் பலகைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோவை அனுப்பியபோது ஜப்பான் பக்கம் கைதட்டினார்கள்.

தணிக்கை நாளன்று நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மாணவி விடுதித் தொட்டியைக் கையால் கிளறப் போனாள். தினமும் அதைக் காலி செய்யும் அக்கா ஓடி வந்து, ‘அப்படிப் புடிக்காத கண்ணு, உள்ள பிளேடு கெடக்கும்’ என்று ஒரு குச்சியை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் பேச்சுக் கொடுத்தால், பின்கட்டில் இரண்டு சாக்கு காட்டினார். ஒன்றில் அட்டை, ஒன்றில் பாட்டில். யாரும் சொல்லாமலே அந்தக் கல்லூரியில் தரம் பிரிப்பு வருடக்கணக்காக நடந்துகொண்டிருக்கிறது; எந்த அறிக்கையிலும் அது இல்லை. பிள்ளைகள் அன்றைக்கே அட்டவணையில் ‘யார் எடுக்கிறார்’ என்று ஒரு புதுக் கட்டம் சேர்த்தார்கள். மறுபக்கம் ஒரு வாரம் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. பிறகு, விடியற்காலையில் வரும் வயதான ஒரு தொழிலாளியோடு பேசிவிட்டு நிரப்பினார்கள், அவரை மூன்று வருடமாகப் பார்த்தும் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று ஒரு குறிப்போடு.

கடைசி வாரம் இரு தரப்பும் தங்கள் கல்லூரி நிர்வாகத்துக்குப் பரிந்துரை எழுத வேண்டும். நம் பிள்ளைகளின் வரைவில் நாலாவது வரி: அட்டை, பாட்டில் அனைத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கல்லூரியே விற்று, அந்தப் பணத்தில் உரக்குழி கட்டலாம். நல்ல யோசனைதான். திரையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: அந்த இரண்டு சாக்கும் விற்ற காசு இப்போது யாருக்குப் போகிறது?

அக்காவிடமே போய்க் கேட்டோம். ‘வாரத்துக்கு ஒருக்கா போடுவனுங்க. டீச்செலவு போக, பையனுக்குப் பஸ்ஸுக்கு ஆகுமுங்க’ என்றார். எதுக்குக் கேக்கறீங்க கண்ணு என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. பரிந்துரை அந்த வெள்ளிக்கிழமை முதல்வர் அறைக்குப் போனது. நாலாவது வரியில் எண் மட்டும் இருந்தது.